சிக்னல் போனது முதல் ப்ளூடூத் கோரிக்கை வரை: செல்போனின் வயர்லெஸ் கோளாறுகளில் எது ஆபத்து, என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், பழி முதலில் மால் வைஃபை மீதுதான் விழுகிறது. "ஃப்ரீ வைஃபை போட்டாங்க, அதிலேதான் போயிருக்கும்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். 2010-இல் அது நியாயமான சந்தேகம். அந்த ஆண்டு வெளிவந்த ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் நீட்டிப்பை வைத்துக்கொண்டு, அதே வைஃபையில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் யார் வேண்டுமானாலும் நுழைய முடிந்தது. இன்று வங்கி ஆப்களும் பெரும்பாலான இணையதளங்களும் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. நடுவில் இருப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம், கடவுச்சொல் தெரியாது.

பணம் இப்போது பெரும்பாலும் வேறு வழிகளில் போகிறது. அந்த வழிகள் தரும் அறிகுறிகளை "நெட்வொர்க் சரியில்லை" என்று நினைத்து நாம் விட்டுவிடுகிறோம். அதனால் இந்த வழிமுறையை ஆபத்தின் வரிசையில் எழுதியிருக்கிறேன்: மேலே இருப்பவற்றுக்கு நிமிடங்கள்தான் அவகாசம், கீழே போகப் போக நிதானமாகச் செய்யலாம். கடைசியில் வரும் கார்டும் டிராக்கரும் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்கும் உடனே செயல்படவேண்டும். இங்கே எல்லோர் போனும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால் மெனுப் பெயர்களை அப்படியே தந்திருக்கிறேன்.

"சிக்னல் கோடெல்லாம் போச்சு, 'நோ சர்வீஸ்'னு காட்டுது"

முதலில் காரணம் ஊருக்கா, உங்களுக்கு மட்டுமா என்று பாருங்கள். மின்சாரம் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், அல்லது அந்த பேட்டரியையே யாராவது திருடியிருந்தால், தெருவுக்கே சிக்னல் இருக்காது. தைப்பூசத்தன்று காவடி பார்க்க வந்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் படம் அனுப்பினாலும் நெட்வொர்க் திணறும். அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கேளுங்கள். அவருக்கும் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

அவருக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சரியாகவில்லையா, அவருடைய போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அடியுங்கள். உங்கள் போன் சும்மா இருக்கும்போது அங்கே மணி அடித்தால், அல்லது தெரியாத ஆள் எடுத்தால், உங்கள் எண் வேறொரு சிம்முக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள். இதுதான் சிம் ஸ்வாப். மோசடிக்காரர் உங்கள் பெயரில் கடைக்கோ கால் சென்டருக்கோ போய், "சிம் தொலைந்துவிட்டது, புதுசு வேண்டும்" என்று சொல்லி வாங்கிவிடுகிறார். எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றும் போர்ட்டிங் வழியாகவும் இது நடக்கிறது. ரைகா என்ற சிம் பதிவுச் சட்டப்படி சிம்மை அடையாள எண்ணும் முகவரியும் கொடுத்துப் பதிவு செய்கிறோம். அந்த விவரங்களே மோசடிக்காரர் கையில் இருக்கும்போது பதிவு மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

பலர் இதைத் தாமதமாகக் கவனிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் ஃபைபர் வைஃபை ஓடுகிறது. சிம் செத்தாலும் வாட்ஸ்அப் செய்தி வருகிறது, யூடியூப் ஓடுகிறது. சிக்னல் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை மாலை போன எண் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போதுதான் தெரியவருகிறது. "சிம் ஸ்வாப் கோரிக்கை வந்திருக்கிறது, நீங்கள் கேட்கவில்லையென்றால் உடனே அழையுங்கள்" என்று நெட்வொர்க்கிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருந்தால் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஆனால் அந்தச் செய்திக்குள் இருக்கும் எண்ணை நம்பாமல், நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவை எண்ணையே பயன்படுத்துங்கள்.

செய்யவேண்டிய வரிசை முக்கியம். முதலில் வங்கி, அதற்குப் பிறகுதான் செல்போன் கம்பெனி. கம்பெனிக்காரர் எண்ணைத் திருப்பித் தர நேரமாகும், பணம் அதுவரை காத்திருக்காது. இன்னொருவரின் போனிலிருந்து, கார்டின் பின்புறத்தில் இருக்கும் எண்ணுக்கு அடித்து, கணக்கையும் ஆப்பையும் முடக்கச் சொல்லுங்கள், குறிப்பு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து செல்போன் கம்பெனி: சிம் ஸ்வாப்பை நிறுத்தி எண்ணைத் திருப்பச் சொல்லுங்கள். மூன்றாவது மின்னஞ்சல்: வைஃபை வழியாகவே உள்ளே போய் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மீட்பு எண்ணாக உங்கள் செல் எண் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள், வங்கி அதைக் கேட்கும். சதர்ன் ஆப்ரிக்கன் ஃப்ராட் பிரிவென்ஷன் சர்வீஸ் என்ற அமைப்பில் 'ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்' இலவசமாகச் செய்யலாம். உங்கள் அடையாள எண்ணை வைத்து யாராவது கடன் கேட்டால், கடன் தருபவரை அது உஷார்படுத்தும்.

வங்கியின் பதில் நியாயமாக இல்லையென்றால், எழுத்தில் புகார் கொடுத்த பிறகு நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்புட் அலுவலகத்துக்குப் போகலாம். பழைய வங்கி ஓம்புட்ஸ்மன் அலுவலகம் 2024 மார்ச் முதல் அதனுள்தான் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வயதானவர்கள் பலர் "நம்ம தப்புதானே" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கவேண்டாம், புகார் கொடுங்கள்.

சிம் பின் போட்டால் இதைத் தடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது போன் திருடு போகும்போது மட்டும் உதவும்: திருடன் உங்கள் சிம்மை வேறு போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது. அதற்காகவே போட்டு வையுங்கள். மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்க நெட்வொர்க் தரும் பியூகே எண்ணைக் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிம் ஸ்வாப்பை அது தடுக்காது. வங்கி ஒப்புதலை எஸ்எம்எஸ்ஸில் வாங்காமல் ஆப்புக்கு மாற்றிக்கொள்வதுதான் அதற்குத் தடை.

"நான் எதுவும் கேட்கலை, ஓடிபி வந்துகொண்டே இருக்கு"

வேறு யாரோ உங்கள் எண்ணை வைத்து உள்ளே வர முயல்கிறார் என்று பொருள். எண் மட்டும் வந்து, அதை நீங்கள் யாருக்கும் சொல்லாதவரை கதவு பூட்டியே இருக்கிறது. வங்கி ஆப்பில் "அப்ரூவ், டிக்ளைன்" என்று கேட்டால் டிக்ளைன் அழுத்திவிட்டு வங்கிக்கு அடியுங்கள். அடுத்த நிமிடமே "நான் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன், அந்த எண்ணைச் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்று அழைப்பு வரும். அந்தக் குரல் எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வைத்துவிடுங்கள்.

வந்தது வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண் என்றால், கோயில் குழுவில் இருக்கும் ஒரு அக்காவின் பெயரிலேயே "தவறி உங்களுக்கு அனுப்பிட்டேன், அனுப்பிவிடும்மா" என்று செய்தி வரும். அந்த அக்காவின் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, அவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா? உடனே உங்கள் போனில் வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள். புது ஆறு இலக்க எண்ணைப் போட்டதும் அந்த ஆள் வெளியே தள்ளப்படுவார். அவர் இரண்டடுக்குப் பின் வைத்திருந்தால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அவராலும் இனி உள்ளே இருக்க முடியாது. பிறகு 'லிங்க்ட் டிவைசஸ்' பக்கத்தைத் திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பின்னை இன்றே வையுங்கள்.

"தொடாமலேயே ஸ்கிரீன் நகருது"

இதைப் "ப்ளூடூத்தில் நுழைஞ்சுட்டாங்க" என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மை வேறு: அழைப்பில் பேசிய ஒருவர் சொல்லி, திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பை நாமே நிறுவியிருப்போம். உடனே எல்லா இணைப்பையும் துண்டிக்கவேண்டும். ஏரோபிளேன் மோடு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். முன்பு ஒருமுறை ஏரோபிளேன் மோடில் வைஃபையை இயக்கியிருந்தால், இப்போதைய ஐபோனும் ஆண்ட்ராய்டும் அதை நினைவில் வைத்து வைஃபையை அணைக்காமலே விடும். மேலே வைஃபை, ப்ளூடூத் அடையாளங்கள் போய்விட்டனவா என்று கண்ணால் பாருங்கள். சந்தேகமிருந்தால் வீட்டு ரூட்டரின் பிளக்கையே பிடுங்குங்கள்.

பிறகு அந்த ஆப்பை நீக்குங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி உள்ளே போய், தெரியாத எதற்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் அணையுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை வேறு ஒரு போனிலிருந்து மாற்றுங்கள், இதே போனிலிருந்து வேண்டாம்.

"வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா 'யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்'னு வருது"

பயப்படுவதற்கு முன் போனின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி முழுவதும் செத்து எழுந்த போனில் தேதி தப்பாக இருந்தால் எல்லாத் தளங்களும் இப்படித்தான் கத்தும். அடுத்தது, மால்களிலும் விமான நிலையத்திலும் வைஃபை முதலில் ஒரு நுழைவுப் பக்கத்தைக் காட்ட விரும்பும். அந்த இழுபறியிலும் இந்த எச்சரிக்கை வரும். நுழைவுப் பக்கத்தை முடித்ததும் போய்விட்டால் பிரச்சினையில்லை.

போகவில்லையென்றால் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். டேட்டாவில் எச்சரிக்கை இல்லாமல் வைஃபையில் மட்டும் வந்தால், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்ற சந்தேகம் வலுக்கிறது. 'அட்வான்ஸ்ட்', 'ப்ரொசீட்' என்ற பொத்தான்களை அழுத்தாதீர்கள். மேலே பூட்டி அனுப்புவதாகச் சொன்னேனே, அந்தப் பூட்டை நம் கையாலேயே திறந்து கொடுப்பது இந்த மாதிரி இடத்தில்தான். அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

நுழைவுப் பக்கம் பெயரும் செல் எண்ணும் கேட்பது வழக்கம்தான். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையோ கார்டு எண்ணையோ கேட்டால், அல்லது ஒரு 'சர்டிஃபிகேட்', 'புரொஃபைல்', ஆப் எதையாவது நிறுவச் சொன்னால் அது திருட்டுப் பக்கம். ஏற்கெனவே நிறுவியிருந்தால் ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் 'யூசர் கிரெடென்ஷியல்ஸ்' என்று தேடுங்கள். உங்கள் அலுவலகம் போட்டதாக இல்லாத எதையும் நீக்குங்கள்.

"போகாத இடத்திலே போன் தானாகவே வைஃபையில் சேர்ந்துடுது"

கடவுச்சொல் இல்லாத வைஃபையை போன் பெயரால் மட்டுமே அடையாளம் காண்கிறது. ஒரு கடையில் சேர்ந்த பெயரையே வேறொருவர் வேறொரு இடத்தில் வைத்தால், போன் நம்பிச் சேர்ந்துவிடும். இது புத்தகத்து எச்சரிக்கை மட்டுமல்ல. 2024-இல் ஆஸ்திரேலியாவின் மத்திய காவல்துறை, விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் இப்படிப் போலி வைஃபை வைத்துப் பயணிகளின் கடவுச்சொற்களைத் திரட்டியதாக ஒருவர் மீது வழக்குப் பதிந்தது.

சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறந்து, வீடு, வேலை, நெருங்கிய உறவினர் வீடு தவிர மற்ற எல்லாவற்றையும் அழியுங்கள். அழிக்க மனமில்லாதவற்றில் 'ஆட்டோ ஜாயின்' அணைத்து வையுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: திரையை இழுத்து வைஃபை பொத்தானைத் தொட்டால் அது அணைவதில்லை, அடுத்த நாள் காலை 5 மணி வரை துண்டிக்கப்படுகிறது, அவ்வளவுதான். ப்ளூடூத்துக்கும் அதே கதை. உண்மையில் அணைக்க செட்டிங்ஸ் உள்ளேதான் போகவேண்டும்.

"வீட்டு வைஃபைக்குக் கீழே 'வீக் செக்யூரிட்டி'ன்னு எழுதியிருக்கு"

ரூட்டர் பழைய பூட்டு முறையில் ஓடுகிறது என்று ஐபோன் சொல்கிறது. ரூட்டரின் பக்கத்துக்குப் போய் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், இல்லையென்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸையும் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் அடிக்காமலே சாதனங்களைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை அணையுங்கள், அதன் எட்டு இலக்கப் பின்னை உடைக்கும் வழி 2011-லேயே வெளியாகிவிட்டது. ஃபைபர் போட வந்தவர் விட்டுப்போன அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

இதைவிட மோசமான அறிகுறி ஒன்று உண்டு: வீட்டில் இருக்கும் எல்லாப் போன்களும், வீட்டு வைஃபையில் மட்டும், சம்பந்தமில்லாத பக்கங்களுக்குப் போகும். அப்போது கோளாறு போனில் இல்லை. எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் டிஎன்எஸ் முகவரியை, ரூட்டரில் யாரோ மாற்றியிருக்கலாம். ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதியை அணைத்துவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்தவேண்டும்.

"4ஜி போய் 'இ'ன்னு வந்துச்சு, கூடவே வங்கி பேரிலே ஒரு லிங்க்"

'இ' என்றால் போன் 2ஜிக்கு இறங்கிவிட்டது. டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் போகும்போது, அல்லது மின்தடையில் டவர் சுமையைக் குறைக்கும்போது, இது சாதாரணமாக நடக்கும். ஆனால் 2ஜியில் டவர் போனைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது. இந்த ஓட்டையைப் பயன்படுத்தி, காரில் வைத்த போலி டவரிலிருந்து சுற்றியிருக்கும் போன்களை 2ஜிக்கு இழுத்து எஸ்எம்எஸ் தள்ளும் கருவிகள் உலகில் பல நகரங்களில் பிடிபட்டிருக்கின்றன. நல்ல சிக்னல் இருக்கும் நகர நடுவில் திடீரென 'இ' வந்து, அதே நிமிடம் பார்சல், வரிப்பணம், வங்கி என்று லிங்க் வந்தால் தொடாமல் அழியுங்கள். போலி டவர் இல்லாமலேயே அனுப்புநர் பெயரைப் போலியாக வைக்க முடியும் என்பதால், வங்கியின் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே அது வந்து உட்கார்ந்தாலும் நம்பவேண்டாம்.

ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 'அலவ் 2ஜி' என்ற சுவிட்ச், சிம் அமைப்புகளுக்குள் இருக்கிறது. நகரத்திலேயே இருப்பவர்கள் அணைத்து வைக்கலாம். கிராமப்புறத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் விட்டுவைப்பதே நல்லது, அங்கே சில இடங்களில் பேசுவதற்கே 2ஜிதான்.

"டேட்டா வாங்கின மறுநாளே தீர்ந்துடுது"

ஹாட்ஸ்பாட்டில் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாண மண்டபத்தில் ஒருமுறை கொடுத்த கடவுச்சொல் யார் யாரிடமோ இருக்கும். அதுவும் உங்கள் செல் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். புதிதாகப் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் வைத்து, யாரும் இல்லாதபோது தானாக அணையும் வசதியைப் போடுங்கள். ப்ரீபெய்ட் இருப்பான ஏர்டைம் குறைந்தால் அது வேறு: கேட்காத சந்தா சேவை ஏதாவது ஓடுகிறதா என்று நெட்வொர்க்கிடம் கேட்டு நிறுத்துங்கள். 2019 முதல், உங்கள் சம்மதமில்லாமல் வாங்கிய டேட்டா பண்டிலுக்கு வெளியே டேட்டாக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இக்காசாவின் விதி.

"வங்கி ஆள் கார்டை போன் பின்னாடி வைக்கச் சொல்றார்"

வைக்காதீர்கள். 2024-இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்திய என்கேட் என்ற தீங்குநிரல் செக் நாட்டில் இப்படித்தான் வேலை செய்தது: கார்டைத் தட்டிப் பணம் கட்ட உதவும் குறுந்தூர வயர்லெஸ்ஸான என்எஃப்சியின் வழியாக, போனிலிருந்து கார்டின் தகவலைத் தூரத்திலிருக்கும் திருடனின் போனுக்குக் கடத்தியது, அவன் அங்கே ஏடிஎம்மில் பணம் எடுத்தான். எந்த வங்கியும் அழைப்பில் இதைக் கேட்காது. வைத்துவிட்டீர்களென்றால் கார்டை உடனே நிறுத்துங்கள், ஆப்பை அழியுங்கள், பின்னை மாற்றுங்கள்.

"தெரியாத பேரிலே ப்ளூடூத் பேரிங் கேட்குது"

டாக்சியிலும் மாலிலும் அடுத்தவரின் ஹெட்போன் தவறி உங்களைக் கேட்பதே அதிகம். மறுத்துவிடுங்கள், முடிந்தது. ஐபோனில் ஏர்டிராப்பை 'கான்டாக்ட்ஸ் ஒன்லி' ஆக்குங்கள்.

கவலைப்படவேண்டியது பழைய போன்கள் பற்றித்தான். 2023 டிசம்பரில் வெளியான ஓர் ஓட்டை, பக்கத்தில் இருப்பவர் ப்ளூடூத் கீபோர்டு போல நடித்து, உங்கள் ஒப்புதல் இல்லாமலேயே போனில் எழுத்தடிக்க வழிவிட்டது. ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை அந்த மாதப் புதுப்பிப்பில் அடைத்தார்கள். செட்டிங்ஸில் 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். அது 2023 டிசம்பருக்கு முந்தியதாக இருந்து, புதுப்பிப்பும் வரவில்லையென்றால், அந்தப் போனில் ப்ளூடூத்தைத் தேவையானபோது மட்டும் போடுங்கள், வங்கி ஆப்பை வேறு போனுக்கு மாற்றுங்கள். பேரன் பழைய போனைத் தாத்தாவிடம் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பென்ஷன் கணக்கு இருப்பவருக்குப் பழைய போனைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, முடிந்தால் மாற்றிக் கொடுங்கள்.

"உங்களுடன் ஒரு டிராக்கர் நகர்கிறது" என்ற எச்சரிக்கை வந்தால் அது வேறு விஷயம்: இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு கருவியை யாரோ உங்கள் பொருளில் வைத்திருக்கலாம். 2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டு 6-உம் அதற்கு மேலும் உள்ள போன்களும் ஒன்றின் டிராக்கரை மற்றொன்று கண்டு சொல்கின்றன. நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் நின்று, 'பிளே சவுண்ட்' போட்டு, பையிலும் கார் சீட்டுக்கு அடியிலும் தேடுங்கள். கிடைத்ததும் படமெடுத்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். வைத்தவர் வீட்டு ஆள் அல்லது பழைய துணை என்று சந்தேகமிருந்தால், அதைச் செயலிழக்கச் செய்வது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகே அதன் பேட்டரியைக் கழற்றுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படியோ, 2011-ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படியோ பாதுகாப்பு ஆணை கேட்கலாம். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை.

காரை விற்கும்போதும் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும், காரின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து உங்கள் போனை நீக்குங்கள். நீங்கள் அனுமதித்திருந்தால் தொடர்பு எண்களும் அழைப்புப் பட்டியலும் காருக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் மட்டும் 'ஃபர்கெட்' செய்தால் அவை அழியாது, காரின் திரையில்தான் அழிக்கவேண்டும்.